ஆன்லைன் கடை அமைத்துத் தரும் நிறுவனத்திடம் 47,200 ரூபாய் பறிகொடுத்த கதை: வீட்டிலிருந்து வியாபாரம் செய்பவர்கள் அவசியம் படியுங்கள்

வீட்டில் பட்சணமும் பொடி வகைகளும் செய்து விற்கும் என்னைப் போன்றவர்களுக்கு இணையத்தில் கடை அமைத்துத் தருவதாகச் சொல்லும் ஒரு நிறுவனம், என்னிடம் 47,200 ரூபாய் வாங்கிக்கொண்டு, என் தீபாவளி வியாபாரத்தையும் நாசமாக்கிவிட்டு, இப்போது தொலைபேசியைக்கூட எடுக்காமல் இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் தயாராகிக்கொண்டிருப்பதால் பெயரைப் பொதுவில் எழுத வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். வருடச் சந்தா கட்டினால் இணையதளம், பணம் பெறும் வசதி, இருபத்துநான்கு மணி நேரத் தொழில்நுட்ப உதவி ஆகிய மூன்றையும் சேர்த்துத் தருவதாக விளம்பரம் செய்யும் வகையைச் சேர்ந்த நிறுவனம் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். இப்படிப்பட்டவர்களிடம் பணம் கட்டுவதற்கு முன்னால் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

நான் இருப்பது மும்பை செம்பூரில். மாட்டுங்கா, முலுண்ட், டோம்பிவிலி, நெருல் என்று தமிழ்க் குடும்பங்கள் இருக்கும் இடங்களிலிருந்து இதுவரை வாட்ஸ்ஆப்பில்தான் ஆர்டர் வரும். தீபாவளி நேரத்தில் தேங்காய்ப்பால் முறுக்கு, தட்டை, அதிரசம், லேகியம் என்று எழுதி வரும் செய்திகளைக் கையால் நோட்டில் குறித்துச் சமாளிப்பது வருடத்துக்கு வருடம் கடினமாகிக்கொண்டிருந்த சமயத்தில், அந்த நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி அழைத்தார். திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ். முதல் வாக்கியத்திலேயே "அக்கா" என்றார். மும்பையில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பேசும் விற்பனை அழைப்புகளைப் பாதியிலேயே துண்டித்துவிடும் நான் இவருடன் ஒரு மணி நேரம் பேசினேன்.

விலையைப் பற்றி நான் அதிகம் கேட்கவில்லை. கோளாறு வந்தால் யார் சரிசெய்வார்கள் என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். அதற்கு அவர் செய்த காரியம்தான் என்னை நம்பவைத்தது. "அக்கா, நீங்க ஒரு பைசா கட்ட வேண்டாம். இப்பவே எங்க சைட்ல போயி சாட்ல ஒரு பிரச்சினையைச் சொல்லுங்க, எவ்வளவு நேரத்துல பதில் வருதுன்னு நீங்களே பாருங்க" என்றார். பணம் கட்டும் பக்கம் திறக்கவில்லை என்று பொய்யாக ஒரு புகாரை எழுதினேன். ஐந்து நிமிடத்துக்குள் ஒரு பெண் பெயரில் பதில் வந்தது. எந்தப் பக்கம், எந்தக் கைப்பேசி என்று பொறுமையாக விசாரித்து, தானே அழைத்துப் பேசுவதாகவும் எழுதியிருந்தார். பணம் கட்டாத ஆளையே இப்படிக் கவனிக்கிறார்கள் என்றால் கட்டியவர்களை எப்படிக் கவனிப்பார்கள் என்று தோன்றியது. அந்த சாட் விற்பனைப் பிரிவினருடையது என்பதும், பணம் கட்டியவர்கள் உள்ளே நுழைந்து எழுதும் சாட் முற்றிலும் வேறு என்பதும், அங்கே பதில் சொல்வது பெரும்பாலும் ஓர் இயந்திரம் என்பதும் பிறகுதான் தெரிந்தன.

சந்தா 40,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 7,200 ரூபாய், ஆக மொத்தம் 47,200 ரூபாய். கிரெடிட் கார்டில் கட்டுகிறேன் என்றபோது, கார்டுக்குக் கூடுதல் கட்டணம் வரும், யு.பி.ஐ.யில் அனுப்பினால் உங்களுக்கு மிச்சம் என்றார். கார்டில் கட்டியிருந்தால், சேவை கிடைக்கவில்லை என்று வங்கி மூலம் ஆட்சேபம் எழுப்பிப் பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு வழி இருந்திருக்கும். அந்த அக்கறை யாருக்கு மிச்சம் பிடிக்க என்பது இப்போது புரிகிறது. வரி வாங்கிக்கொண்டார்களே தவிர வரி பில் வரவில்லை. வந்தது ப்ரோஃபார்மா இன்வாய்ஸ் என்ற தலைப்பிட்ட ஒரு தாள். அது விலை மதிப்பீடுதானே ஒழிய, வரி கட்டியதற்கான சான்று ஆகாது.

கடை திறந்த சில நாட்களிலேயே முதல் கோளாறு தெரிந்தது. உணவுப் பொருள் விற்பவர்கள் காட்ட வேண்டிய 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு) உரிம எண்ணில் ஓர் இலக்கத்தைத் தவறாகப் போட்டிருந்தார்கள். நெருலில் இருக்கும் வாடிக்கையாளர் ஒருவர் அதைக் கவனித்து, என் தளத்தில் இருந்த கருத்துப் பெட்டியில் எழுதியிருக்கிறார். எனக்கு எதுவும் வரவில்லை. அவரே தொலைபேசியில் அழைத்துச் சொன்ன பிறகு தேடிப் பார்த்தால், அந்தப் பெட்டியில் எழுதப்படும் செய்திகள் எல்லாம், அச்சு வார்ப்பாக அவர்கள் எல்லாக் கடைக்கும் பயன்படுத்தும் மாதிரித் தளத்தில் இருந்த ஏதோ ஒரு மின்னஞ்சல் முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தன. அதை மாற்றவே மறந்திருக்கிறார்கள். வாடிக்கையாளர்கள் சொன்ன குறைகளும் யோசனைகளும் அதுவரை எத்தனை போய்ச் சேராமல் போயின என்பதற்குக் கணக்கே இல்லை. உரிம எண்ணைத் திருத்தினார்கள். முகவரியைத் திருத்துவதாகச் சொன்னார்கள்.

தீபாவளிக்கு முன்னால், எங்கள் எல்லாக் கடைகளையும் புதிய பதிப்புக்கு மாற்றுகிறோம், நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அதற்குப் பிறகு என் டாஷ்போர்டில் ஆர்டர் வருவது நின்றுவிட்டது. விற்பனை மந்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். "பணம் போய்விட்டது, ஆர்டர் உறுதியானதாகத் தகவல் வரவில்லையே மாமி" என்று முலுண்டிலிருந்து ஓர் அழைப்பு வந்த பிறகு, அடுத்தடுத்து அதே போன்ற அழைப்புகள். வாடிக்கையாளர் கட்டும் பணத்தை வாங்கித் தரும் பேமெண்ட் கேட்வே கணக்கைத் திறந்து பார்த்தால் பணம் வந்திருந்தது. பணம் அனுப்பியவரின் தொலைபேசி எண்ணும் தொகையும் இருந்தன. ஆனால் அவர் கேட்டது அரைக் கிலோ முறுக்கா, இரண்டு டப்பா லேகியமா, எந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்ற விவரம் எதுவும் இல்லை. அது கடையின் ஆர்டர் பட்டியலில் இருக்க வேண்டிய விவரம், பட்டியலோ காலி. தொகையை வைத்துப் பொருளை ஊகித்து, ஒவ்வொருவரையும் அழைத்து, மன்னிப்புக் கேட்டு, முகவரி வாங்கி அனுப்பினேன். அழைப்பை எடுக்காதவர்களுக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பினேன். அவர்களில் சிலர் நான்தான் ஏமாற்றுக்காரி என்று தங்கள் குடியிருப்பு வாட்ஸ்ஆப் குழுவில் எழுதியதும் என் காதுக்கு வந்தது. செய்து வைத்த அதிரசம் மீந்துபோனது. தீபாவளிக்கு மறுநாள் தீபாவளி லேகியம் யார் வாங்குவார்கள்?

இனி அந்த நிறுவனத்தின் உதவிப் பிரிவு. புகார் எழுதியவுடன் ஒரு டிக்கெட் எண் வந்தது. கூடவே, உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் மதிப்புள்ளது என்ற வாசகமும். பிரவுசரின் கேஷை (பார்த்த பக்கங்களின் தற்காலிகப் பதிவை) அழித்துவிட்டு மீண்டும் பாருங்கள் என்பது முதல் பதில். பணம் கட்டுபவர்கள் டோம்பிவிலியிலும் முலுண்டிலும் இருக்கும்போது, செம்பூரில் என் கைப்பேசியின் கேஷை அழித்து என்ன ஆகும் என்று எழுதினேன். ஸ்கிரீன்ஷாட் கேட்டார்கள், அனுப்பினேன். திரையை வீடியோவாகப் பதிவுசெய்து அனுப்பச் சொன்னார்கள், அதையும் அனுப்பினேன். வேறொரு பெயரில் வந்த அடுத்த ஆள் மீண்டும் ஸ்கிரீன்ஷாட் கேட்டார். பிறகு "எங்கள் தரப்பில் இந்தப் பிரச்சினையை மீண்டும் உருவாக்க முடியவில்லை" என்று எழுதி, டிக்கெட்டின் மேல் பச்சை நிறத்தில் 'தீர்க்கப்பட்டது' என்று முத்திரை குத்திவிட்டார்கள். நான் சமையலில் இருந்து ஒரு நாள் பதில் எழுதாமல் விட்டால் டிக்கெட் தானாகவே மூடிக்கொள்ளும். மூடிய டிக்கெட்டைத் திறக்க வழி கிடையாது. புதிதாக எழுத வேண்டும், புது எண் வரும், கேஷை அழிப்பதிலிருந்து எல்லாம் மறுபடி தொடங்கும். இதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. அவர்கள் ஏட்டில் என் புகார் ஒருபோதும் பழையதாகாது. நாட்கணக்கில் இழுக்கும் ஒரே கோளாறு, அங்கே வேகமாகத் தீர்க்கப்பட்ட பல கோளாறுகளாகப் பதிவாகிறது. அவர்கள் விளம்பரத்தில் பெருமையாகப் போட்டுக்கொள்ளும் தீர்வு விகிதம் இப்படித்தான் வருகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒவ்வொரு முறை மூடும்போதும் எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்பார்கள். ஒன்று போட்டு, காரணமும் எழுதினேன். வருந்துகிறோம், மேலாளர் அழைப்பார் என்று பதில் வந்தது. மேலாளர் அழைக்கவில்லை, நான் எழுதியது மட்டும் அவர்கள் பக்கத்திலிருந்து காணாமல்போயிற்று. அக்கா என்று அழைத்த தம்பியோ, "நான் சேல்ஸ்க்கா, டெக்னிக்கல் எனக்குத் தெரியாது" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு, அதன் பிறகு என் எண்ணை எடுப்பதே இல்லை.

கோளாறு என்னவென்று கண்டுபிடித்தது பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கும் என் அண்ணன் மகன். பணம் வந்ததும் பேமெண்ட் கேட்வே, கடையின் சர்வருக்கு 'இந்த ஆர்டருக்குப் பணம் வந்துவிட்டது' என்று தானாக ஓர் அறிவிப்பு அனுப்பும். அதற்கு வெப்ஹுக் என்று பெயர். அது போய்ச் சேர்ந்தால்தான் ஆர்டர் உறுதியாகிப் பட்டியலில் ஏறும். அந்த அறிவிப்புகள் போய்ச் சேர்ந்தனவா என்ற பதிவு கேட்வே கணக்கிலேயே இருக்கிறது. திறந்து பார்த்தால், புதிய பதிப்புக்கு மாற்றிய நாளிலிருந்து ஒவ்வோர் அறிவிப்பும் 404 என்று, அதாவது அப்படியொரு முகவரியே இல்லை என்று, திரும்பியிருந்தது. கடையைப் புது இடத்துக்கு மாற்றியவர்கள் கேட்வேயில் பழைய முகவரியையே விட்டுவிட்டார்கள். ஒரு வரி மாற்றம். மீண்டும் உருவாக்க முடியவில்லை என்று எழுதிய ஆள் ஒருமுறை அந்தப் பதிவைப் பார்த்திருந்தால் போதும். இதை ஆதாரத்துடன் எழுதி அனுப்பியபோது வந்த பதில்: "உங்கள் கருத்தைத் தொழில்நுட்பக் குழுவுக்கு அனுப்பியுள்ளோம்." அது கருத்து இல்லை ஐயா, கோளாறு. உடனே டிக்கெட் மூடப்பட்டது. முகவரியை மாற்றியது கடைசியில் என் அண்ணன் மகன்தான். அப்போது தீபாவளி முடிந்துவிட்டது.

47,200 ரூபாயைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டேன். சந்தா எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது என்று தங்கள் விதிமுறையைக் காட்டினார்கள். நீங்கள் வியாபாரி, ஆகவே நுகர்வோர் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது என்றார்கள். வழக்கு என்றால் தங்கள் நகரத்தில்தான் போட வேண்டும் என்றும் சொன்னார்கள். சுயதொழில் செய்து பிழைப்பவர் அதற்காகவே வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்ற விளக்கம் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது; அந்த அளவுகோல் சேவைக்கும் பொருந்தும் என்பதே எங்கள் வாதம். புகார் கொடுப்பவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம் என்பதும் அதே சட்டத்தில் தெளிவாக இருப்பதால், மும்பை புறநகர் மாவட்ட ஆணையத்துக்குத்தான் போகிறோம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவுசெய்தேன். அவர்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. நிறுவனம் அங்கேயும் 'தீர்க்கப்பட்டது' என்றே பதில் போட்டிருக்கிறது. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, புகாரைப் பெற்றுக்கொண்டதை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண ஒரு குறைதீர்ப்பு அலுவலர் இருக்க வேண்டும். அவர் பெயரைக் கேட்டதற்கு எனக்கு ஒரு டிக்கெட் எண் கொடுத்தார்கள்.

வேறு இடத்துக்குப் போய்விடலாம் என்றால், என் கடைப் பெயரில் இருக்கும் டொமைனே, அதாவது இணைய முகவரியே, அவர்கள் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது. மாற்றுவதற்கான அங்கீகாரக் குறியீடு வேண்டுமென்றால் தனிக் கட்டணமாம். 47,200 ரூபாய்க்கு மேல் இது வேறு.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன். கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது. டொமைன், பேமெண்ட் கேட்வே இரண்டையும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் நீங்களே பதிவுசெய்துகொண்டு, பிறகு அவர்களுக்கு அனுமதி கொடுங்கள். முடிந்தவரை கார்டில் கட்டுங்கள், முதலில் மாதச் சந்தா மட்டும் கட்டுங்கள். பில்லில் உள்ள ஜி.எஸ்.டி. எண்ணை அரசின் ஜி.எஸ்.டி. தளத்தில் போட்டுப் பாருங்கள். அது யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும், அப்படிப் பார்க்கக் காசு கட்ட வேண்டியதில்லை. புகார்களை அவர்கள் சாட்டில் மட்டும் வைக்காமல் மின்னஞ்சலிலும் அனுப்பிப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கணக்கை முடக்கினால் சாட்டும் போய்விடும். பணம் கட்டுவதற்கு முன்னால் அவர்களுடைய பழைய வாடிக்கையாளர் ஒருவரின் எண்ணை நீங்களே தேடிப் பிடித்து, கடைசியாக வந்த கோளாறு எத்தனை நாளில் சரியானது என்று கேளுங்கள். அவர்களே தரும் எண்ணை நம்பாதீர்கள்.