முதலில் ஆமை போகட்டும்: ரோபோவோடு மூன்று ஆண்டுகள்

சிங்கப்பூரில் அணுமின் நிலையம் கிடையாது. ஆனால் ஜூரோங் தீவிலும் துவாஸ் பக்கமும் குழாய்ப் பற்றவைப்புகளைப் படம் பிடித்துச் சோதிக்கும் நாங்கள், இரவுதோறும் இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருளோடுதான் வேலை செய்கிறோம். மற்றத் தொழிலாளர்கள் வெளியேறிய பிறகு சுற்றிலும் கயிறு கட்டுவோம், எச்சரிக்கை விளக்குகளை வைப்போம். தொலைவில் நின்று கைப்பிடியைச் சுழற்றினால், ‘கேமரா’ என்று நாங்கள் சொல்லும் கவசப் பெட்டியிலிருந்து சோர்ஸ், அதாவது அந்த இரிடியம், ஒரு குழல் வழியாக வெளியே போகும். படம் விழுந்ததும் எதிர்ப்பக்கம் சுழற்றி உள்ளே இழுக்க வேண்டும். அது முழுதாக உள்ளே வந்துவிட்டதா என்று கதிர்வீச்சை அளக்கும் மீட்டரோடு கிட்டே போய்ப் பார்க்கும் அந்த ஒரு நிமிடம் இருக்கிறதே, பதினைந்து ஆண்டு அனுபவத்துக்குப் பிறகும் எனக்கு நெஞ்சு படபடக்கும்.

காரணம் இல்லாமல் இல்லை. 1 டெராபெக்கரல் வலுவுள்ள இரிடியத்துக்குக் கவசமின்றி 1 மீட்டர் அருகில் நின்றால், மணிக்கு ஏறத்தாழ 130 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு உடலில் படும். கதிர்வீச்சுப் பணியாளருக்கு உலக அளவில் பரிந்துரைக்கப்படும் வரம்போ ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20தான். பத்து நிமிடம்கூட வேண்டாம், ஓர் ஆண்டின் பங்கு முடிந்துவிடும். தூரம் இரண்டு மடங்கானால் கதிர்வீச்சு கால்பங்காகக் குறைகிறது. ரோபோ எங்களுக்குத் தந்தது அந்தத் தூரத்தை.

பட்டைச் சக்கரமும் ஒரு கையும் உள்ள சிறிய இயந்திரம் அது. மெதுவாகப் போவதால் ‘ஆமை’ என்று பெயர் வைத்தோம். மீட்டரைத் தாங்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் அது கேமராவரை போகும். நாங்கள் திரையில் எண்ணைப் பார்ப்போம். சரளைக்கல்லில் நன்றாக ஓடுகிறது. ஏணி ஏறாது. இடி மழை வந்தால் எங்களோடு சேர்ந்து அதற்கும் ஓய்வு. யாரும் சொல்லித்தராத ஒன்றைப் பழக்கத்தில் கற்றோம்: சோர்ஸ் வெளியே இருக்கும்போது ஆமை மிக அருகில் போனால், அது அனுப்பும் படத்தில் வெண்புள்ளிகள் மழைத்தூறல்போல் சிதறும். இரிடியத்தின் காமா கதிர், படம் பிடிக்கும் சில்லைத் தாக்குவதன் அடையாளம் அது. மீட்டரின் எண்ணோடு அந்தத் தூறலையும் சேர்த்துப் பார்ப்பது இப்போது எங்கள் வழக்கமாகிவிட்டது.

இரண்டாம் ஆண்டில் ஓர் இரவை மறக்க முடியாது. குழாய்கள் நெருக்கமாக நிற்கும் இடம். ஆமை பாதி வழியில் இருந்தபோது கம்பியில்லாத் தொடர்பு அறுந்தது. திரை அணையவில்லை, கடைசியாக வந்த படமும் கடைசியாக வந்த சிறிய எண்ணும் அப்படியே உறைந்து நின்றன. “அண்ணே, குறைவாகத்தான் இருக்கிறது, நான் போகிறேன்” என்று இளைய தம்பி கயிற்றைத் தாண்டினான். நாலைந்து அடி வைத்திருப்பான். அவன் சட்டையில் மாட்டியிருந்த அலாரம் மீட்டர் கத்தியது. திரும்பி ஓடிவந்தான். சோர்ஸ் குழலின் நடுவிலேயே நின்றிருந்தது. மறுபடி வெளியே தள்ளி இழுத்ததும் உள்ளே வந்தது. அவன் மீது பட்டது மிகச் சிறிய அளவு என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் அன்று விடியும்வரை யாரும் பேசவில்லை.

இயந்திரம் பழுதாவதைவிட, பழுதானதைக் காட்டாமல் இருப்பதுதான் மனிதனைக் கொல்லும். விற்றவர்களிடம் பலமுறை கேட்டு ஒரு மாற்றத்தைப் பெற்றோம்: தொடர்பு இரண்டு விநாடி அறுந்தால் எண் மறைந்து திரை முழுவதும் சிவப்பாகும், ஆமை நின்ற இடத்திலேயே நிற்கும். பிறகு கம்பியும் இணைத்தோம். கம்பிக்கும் அதன் தொல்லை உண்டு. ஜப்பானில் விபத்துக்குள்ளான ஃபுக்குஷிமா அணுமின் நிலையத்தின் 2ஆம் உலைக் கட்டடத்துக்குள் போன ‘குவின்ஸ்’ ரோபோவின் தொடர்புக் கம்பி சிக்கியதால், 2011 அக்டோபரில் அதை அங்கேயே விட்டுவிட நேர்ந்தது. அதனால் கம்பியைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை நிறுத்துகிறோம்.

கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சோர்ஸ் சிக்கிக்கொண்டால் அதன்மேல் கதிரைத் தடுக்கும் ஈயக்குண்டுப் பைகளை வைக்க அந்தக் கை உதவும். மாதம் ஒருமுறை வெறும் குழலை வைத்துப் பழகுகிறோம். பழகும்போதும், கை எட்டும் தூரத்துக்குள் யாரும் இருந்தால் மின்சாரத்தைத் தருவதில்லை. கதிர்வீச்சுக்குப் பயந்து வாங்கிய கருவி யாருடைய விரலையும் நசுக்கிவிடக் கூடாது.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது வேறொன்றுக்கு. ஆமை வந்த ஆறாவது மாதத்திலேயே மூன்று பேர் குழுவை இரண்டு பேராகக் குறைக்கலாம் என்று மேலிடத்தில் சொன்னார்கள். ஒருவர் ஆமையை ஓட்டுவார், அவர் கண் திரையில்தான் இருக்கும். ஒருவர் கைப்பிடியில். பிறகு கயிற்றுக்கு அந்தப் பக்கம் யார் வருகிறார்கள் என்று பார்ப்பது யார்? கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியிடம் இதை எழுதிக் கொடுத்தேன். அந்த இரவுக்குப் பிறகு மறுபடியும் எழுதினேன். இன்றுவரை மூன்று பேராகத்தான் போகிறோம். அலாரம் மீட்டரும் மூன்று, ஆமை எவ்வளவு நல்ல எண்ணைக் காட்டினாலும்.