குறிப்பு எங்கே இருக்க வேண்டும்: அட்டவணையிலா, நிரலிலா?

வடபழஞ்சி ஐடி பூங்காவில் வேலைக்குச் சேரும் மதுரைப் பிள்ளைகளிடம் ஜிசிசி கம்பைலரின் (எழுதிய நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) மூலநிரலைத் திறந்து பார்க்கச் சொல்வேன். அதை இயக்கும்போது தட்டச்சிடும் கட்டளைவரித் தெரிவுகளுக்கான விளக்கம், கையேட்டை விட்டுவிட்டால், அங்கே இரண்டு இடங்களில் கிடக்கிறது.

ஒன்று, 'காமன்.ஆப்ட்' என்னும் அட்டவணைக் கோப்பு. தெரிவின் பெயர், பண்புகள், ஒரு வரி விளக்கம், அவ்வளவுதான். உதவி கேட்பவரின் திரையில் வருவதும் இந்த வரிதான். அதனால் தவறு சீக்கிரம் கண்ணில் படும்.

மற்றொன்று, தெரிவைக் கையாளும் நிரலுக்கு மேலே எழுதும் குறிப்பு. எனக்கு இதுவே முக்கியம். நிரலை வேகமாக்கும் தெரிவுகளான ஓ2, ஓ3 இரண்டையும் கொடுத்தால் கடைசியாக வருவதே செல்லும். நிரலில் ஐயமான இடங்களைச் சுட்டும் எச்சரிக்கைத் தெரிவுகளிலோ, பொதுவானதும் குறிப்பானதும் மோதினால் வரிசை பொருட்டல்ல; குறிப்பானதே வெல்லும். இந்த வேறுபாட்டின் காரணத்தை எழுதாமல் விட்டால், அடுத்து வருபவர் பிழையென நினைத்துத் 'திருத்தி'விடுவார். அட்டவணையின் ஒற்றை வரியில் இது அடங்காது.

'எச்சரிக்கையை இயக்கு' என்று நிரலையே திருப்பிச் சொல்லும் குறிப்புகளைத் தயங்காமல் நீக்குங்கள். 'டபிள்யூ-ஆல்' (-Wall) என்னும் எச்சரிக்கைத் தெரிவு மட்டும் விதிவிலக்கு: பெயர் 'எல்லாம்' என்றாலும் அது எல்லா எச்சரிக்கைகளையும் இயக்காது. அதை இரண்டு இடங்களிலும் சொல்லலாம்.