க்வின்னா, கென்னடியா?

அயர்லாந்துக் குடும்பப் பெயரை எடுத்து அப்படியே பிள்ளைக்குப் பெயராக வைப்பது அமெரிக்காவில் சகஜமாகிவிட்டது, அதில் க்வின், கென்னடி இரண்டில் ஒன்று என்றால் என் ஓட்டு க்வின்னுக்குத்தான்.

கென்னடிக்குப் பூர்வீகம் பலமானது, இல்லையென்று சொல்லவில்லை. ஐரிஷில் ஓ கின்னேடி, அதாவது கின்னேடியின் வழிவந்தவர். 1014இல் குளோன்டார்ஃப் போரில் மாண்ட அயர்லாந்து மன்னர் பிரையன் போருவின் அப்பாவுக்கும் அதே பெயர். ஆனால் அதையெல்லாம் யார் நினைக்கிறார்கள்? கென்னடி என்றதும் 1963இல் சுட்டுக்கொல்லப்பட்ட அதிபர்தான் கண்முன் வருகிறார், அவருடைய கொள்ளுத்தாத்தா வெக்ஸ்ஃபோர்டு பகுதியின் டங்கன்ஸ்டவுனிலிருந்து கப்பலேறிப் போனவர். அவ்வளவு பெரிய நிழலைப் பிறந்த குழந்தையின் தலையில் ஏற்ற வேண்டுமா? நம்மூரில் இது ஆண்பிள்ளைப் பெயர் (நடிகர் விக்ரமின் இயற்பெயரே கென்னடிதான்), அமெரிக்காவிலோ இப்போது பெரும்பாலும் பெண்குழந்தைக்கு வைக்கிறார்கள்.

க்வின்னுக்கு அந்தத் தொல்லை கிடையாது. கொன் என்ற மூதாதையின் வழிவந்தவர்கள் ஓ க்வின் ஆனார்கள், வட அயர்லாந்தின் டைரோன் பக்கம் போனால் தடுக்கி விழுந்தாலும் ஒரு க்வின் மேல்தான் விழ வேண்டும். சின்னப் பெயர், செல்லமாகச் சுருக்கவும் ஒன்றுமில்லை, பையனுக்கும் பொருந்தும், பெண்ணுக்கும் பொருந்தும். என்ன, தமிழில் கொஞ்சம் அசந்து எழுதினால் ராணி ஆகிவிடும்.

சரி, குடும்பப் பெயர் லீ மாதிரி ஓரெழுத்தில் முடிந்துபோனால் மட்டும் கென்னடியை யோசிக்கலாம். க்வின் லீ என்று கூப்பிட்டால் தும்மல் மாதிரி இருக்கும்.