ஆசியானாவின் சரக்குப் பிரிவு: நால்வரில் யாருக்குப் போயிருக்க வேண்டும்?

2024 ஜூன் 17-ம் தேதி தென் கொரியாவின் கொரியன் ஏர் விமான நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆசியானா ஏர்லைன்ஸின் சரக்குப் பிரிவை வாங்கும் முன்னுரிமை ஏர் இஞ்சியோன் நிறுவனத்துக்கு. அதன் கையில் அப்போது இருந்தவை நாலே நாலு 737 சரக்கு விமானங்கள். வாங்கப்போவதோ ஜம்போ எனப்படும் 747 பத்து, 767 ஒன்று. ஒரு 737 சரக்கு விமானம் தூக்குவது இருபது டன்னுக்குச் சற்று மேல். ஒரு 747 நூறு டன்னைத் தாண்டும். முந்தைய வருடத்தில் ஏர் இஞ்சியோனின் விற்பனை ஏறத்தாழ 7,000 கோடி வோன்; ஆசியானா சரக்குப் பிரிவுடையது 1.6 லட்சம் கோடி வோன். தன்னைப் போல இருபது மடங்குக்கு மேல் பெரிதான ஒன்றை அது எடுத்துக்கொண்டது.

இந்த விற்பனை ஏன் வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 நவம்பரில், கொரோனா அடியில் தள்ளாடிய ஆசியானாவை 1.8 லட்சம் கோடி வோனுக்கு எடுத்துக்கொள்வதாகக் கொரியன் ஏர் அறிவித்தது. நாட்டின் முதல் இரண்டு விமான நிறுவனங்கள் ஒன்றாகப் போகின்றன என்பதால் பல நாடுகளின் போட்டி ஆணையங்கள் கேள்வி எழுப்பின. ஐரோப்பிய ஆணையம்தான் விடாப்பிடியாக நின்றது. சியோலிலிருந்து பாரிஸ், ரோம், பார்சிலோனா, பிராங்ஃபர்ட் போகும் பயணிகள் தடங்களிலும், ஐரோப்பா–கொரியா சரக்கிலும் போட்டி செத்துவிடும் என்றது. பயணிகள் தடங்களுக்கு டீவே ஏர் என்ற கொரிய மலிவுக் கட்டண நிறுவனம் வந்தது. கொரியன் ஏரே விமானங்களையும் இரவல் கொடுத்து அதைக் கைதூக்கிவிட்டது. சரக்குக்கு அந்த வழி போதவில்லை. பிரிவையே விற்றாக வேண்டியிருந்தது.

ஆசியானாவுக்கு அது சாதாரண விஷயம் இல்லை. பயணிகளே இல்லாத 2021-ல் அதன் வருமானத்தில் சுமார் நாலில் மூன்று பங்கு சரக்கிலிருந்து வந்தது. பட்டினி காலத்தில் சோறு போட்ட பிரிவு. இயக்குநர் குழு 2023 அக்டோபர் 30-ல் மணிக்கணக்காகப் பேசியும் முடிவுக்கு வர முடியாமல் எழுந்துபோய், நவம்பர் 2-ல்தான் விற்கச் சம்மதித்தது.

சரி, கேட்டு வந்தவர்கள் நாலு பேர்: ஜேஜு ஏர், ஈஸ்டார் ஜெட், ஏர் பிரீமியா, ஏர் இஞ்சியோன்.

ஜேஜு ஏர் கொரியாவின் மிகப் பெரிய மலிவுக் கட்டண நிறுவனம். பணபலம், நிர்வாக அனுபவம், பெயர் எல்லாம் உண்டு. 737-ஐச் சரக்கு விமானமாக மாற்றி இரண்டு வைத்திருந்ததால் சரக்குத் தொழிலும் கொஞ்சம் கைபழகியிருந்தது. முதலில் எல்லோரும் இதைத்தான் முன்னணியில் வைத்துப் பேசினார்கள். ஆனால் 2024 ஏப்ரலில் இறுதி ஏலத்துக்கு அது வரவே இல்லை. களத்தில் இறங்காதவரை அலசி என்ன பயன்.

ஈஸ்டார் ஜெட் பற்றியும் நீட்டிச் சொல்ல எதுவும் இல்லை. 2020-ல் பறப்பதை நிறுத்தி, ஜேஜு ஏர் வாங்குவதாகச் சொல்லிப் பின்வாங்கி, நீதிமன்ற மீட்பு நடைமுறை வரை போய், 2023 ஜனவரியில் விஐஜி பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கி, மார்ச்சில் மறுபடி பறந்தது. எழுந்து நின்றதே பெரிய விஷயம், அதை மதிக்கிறேன். ஆனால் அதன் விமானங்கள் அத்தனையும் 737. ஐரோப்பாவுக்கு ஒரு நடைகூடப் போனதில்லை. ஒரு வருடத்துக்கு முன் கட்டிலிலிருந்து இறங்கியவரிடம் பத்து ஜம்போவை ஒப்படைப்பது நியாயமே இல்லை.

ஆக, உண்மையான போட்டி ஏர் பிரீமியாவுக்கும் ஏர் இஞ்சியோனுக்கும் இடையில்தான். இங்கே ஒரு தொழில் விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

விமானச் சரக்கு இரண்டு விதமாகப் போகும். ஒன்று, சரக்குக்கென்றே உள்ள விமானம். இன்னொன்று, பயணிகள் விமானத்தின் அடிவயிறு. தொழிலில் இருப்பவர்கள் பெல்லி என்பார்கள். நாம் மேலே உட்கார்ந்து சாப்பாட்டுத் தட்டைத் திறக்கும்போது காலுக்குக் கீழே கணினிச் சிப்புகளும் மருந்தும் பூவும் பயணம் செய்துகொண்டிருக்கும். அந்த விமானத்தின் எரிபொருள் செலவில் பெரும்பங்கைப் பயணிகளின் டிக்கெட் ஏற்கெனவே கட்டிவிடுவதால், பெல்லியில் போகும் டன்னுக்குக் கட்டணத்தை இறக்கிச் சொல்ல முடியும். சரக்கு விமானத்தில் எல்லாச் செலவும் சரக்கின் தலையில்தான். ஆனால் அதற்கென்று ஒரு பலம் உண்டு. 747 சரக்கு விமானம் ஆலையிலேயே அப்படிக் கட்டப்பட்டதாக இருந்தால் மூக்கு மேலே திறக்கும். பக்கக் கதவில் வளைத்து நுழைக்க முடியாத நீளமான இயந்திரப் பாகத்தை முன்னாலிருந்து நேராக உள்ளே தள்ளலாம். பயணிகள் விமானமாக இருந்து பின்னால் மாற்றப்பட்ட 747-ல் இந்த மூக்குக் கதவு இருக்காது. ஆக, இரண்டு வழியும் கையில் வைத்திருப்பவர்தான் இந்தத் தொழிலில் நின்று விளையாட முடியும். சாதாரணப் பெட்டி பெல்லியில், பெரிய சாமான் ஜம்போவில்.

விற்பனைப் பொட்டலத்தில் ஆசியானாவின் பெல்லி கிடையாது. அது பயணிகள் விமானத்தோடு ஒட்டியது, எனவே இணைப்புக்குப் பிறகு கொரியன் ஏர் குடும்பத்துக்கே.

ஏர் பிரீமியாவைப் பாருங்கள். ஐந்து போயிங் 787-9. லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க்குக்குப் பக்கத்தில் நியூவார்க், பிராங்ஃபர்ட் என்று நீண்ட தூரம் பறந்துகொண்டிருந்தது. விட்டுப்போன பெல்லியை, சின்ன அளவிலாவது, ஈடுகட்டக்கூடியவர் நால்வரில் இவர் ஒருவரே. ஐரோப்பிய ஆணையம் கவலைப்பட்ட அதே தடத்தில் ஏற்கெனவே விமானம் ஓட்டியவரும் இவர்தான். குறையும் சொல்லிவிட வேண்டும்: பறக்கத் தொடங்கி அப்போது மூன்று வருடம்கூட ஆகவில்லை, சொந்த நிதிநிலை மெலிவு, சரக்கு விமானத்தை ஓட்டிய அனுபவம் இல்லை.

ஏர் இஞ்சியோன் 2012-ல் தொடங்கிய, சரக்கு மட்டுமே ஏற்றும் நிறுவனம். இரவு நேர ஏற்றுமதி, முகவர்களோடு பேரம், பேலட் (சரக்கை அடுக்கும் பலகை) கணக்கு எல்லாம் அதற்குத் தண்ணீர் பட்ட பாடு. பின்னால் சோசியஸ் என்ற முதலீட்டு நிறுவனம். அதோடு சேர்ந்து ஹூண்டாய் குளோவிஸ், கார் தொழிலின் சரக்குப் போக்குவரத்தையே பிழைப்பாகக் கொண்ட நிறுவனம். பணத்தோடு சரக்கும் கொண்டுவரக்கூடிய கூட்டாளி என்பதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் பறந்ததெல்லாம் பக்கத்து நாடுகளுக்கு. பெல்லி என்ற பேச்சுக்கே இடமில்லை.

பேரம் உறுதியாக முடியும் வாய்ப்பு, நீண்டகாலப் போட்டித்திறன், கூட்டாளிகள் வழியே பணம் திரட்டும் வலு ஆகியவற்றைப் பார்த்துத் தேர்ந்ததாகக் கொரியன் ஏர் சொன்னது. முதலும் மூன்றும் ஏர் இஞ்சியோனுக்குப் பொருந்தும். அதை நான் மறுக்கவில்லை. இரண்டாவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

காரணம் இந்த ஏலத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. வாங்குபவரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பது, நாளைக்கு அவரோடு போட்டி போடப்போகும் கொரியன் ஏர். தனக்கு எதிராளியைத் தானே பொறுக்கிக்கொள்ளும் பந்தயக்காரனை எங்கே பார்த்திருக்கிறோம்? ஐரோப்பிய ஆணையத்தின் ஒப்புதல் கடைசியில் வேண்டும், அது 2024 நவம்பரில் கிடைத்தது. ஆனால் முன்னால் வைத்த ஒரு பெயருக்குச் சரி சொல்வது வேறு, மூன்று பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது பலமான போட்டி என்று பார்ப்பது வேறு. அந்தத் தேர்வை ஆணையமே செய்திருக்க வேண்டும். செய்திருந்தால், பணத்துக்கு உறுதியான ஏற்பாடு கேட்டுவிட்டு, நான் ஏர் பிரீமியா பக்கம்தான் நின்றிருப்பேன்.

ஆசியானாவின் விமானிகள் சங்கம் இந்த மாற்றத்தைக் கடுமையாக எதிர்த்ததும் எனக்கு ஆச்சரியமாக இல்லை. பெரிய நிறுவனத்தில் பயணிகள் விமானம், சரக்கு விமானம் என்று மாறி ஓட்டும் வழி இருந்தவருக்கு, நாலு 737 வைத்திருந்த இடத்துக்குப் போ என்றால் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

2024 ஆகஸ்ட் 7-ல் 47,000 கோடி வோனுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. டிசம்பர் 12-ல் ஆசியானாவின் 63.88 சதவீதப் பங்கு கொரியன் ஏர் வசம் வந்தது. 2025 ஆகஸ்ட் 1 முதல் சரக்குப் பிரிவு ஏர் இஞ்சியோனோடு சேர்ந்து ஏர்சீட்டா என்ற புதுப் பெயரில் பறக்கிறது. முந்தைய நாள்வரை ஒரே நிறுவனத்தின் விமானங்களாக இருந்தவை இப்போது இஞ்சியோன் ஓடுதளத்தில் எதிரெதிர் அணி: ஏர்சீட்டாவின் வயதான 747 ஒரு பக்கம், அதே ஐரோப்பியச் சரக்கைப் பயணிகளின் காலுக்குக் கீழே அடைத்துக்கொண்டு கிளம்பும் ஆசியானா ஏ350 மறுபக்கம்.