விண்டோஸ் 11-உம் லினக்ஸ் மின்ட்டும் ஒரே லேப்டாப்பில்: நாள்பட்ட பயன்பாட்டு அனுபவம்

விண்டோஸ் 11 இருக்கும் லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச சிஸ்டத்தைச் சேர்த்துப் போடுவது அரை மணி நேர வேலை. சோதனை அதற்குப் பிறகுதான். இரண்டு சிஸ்டமும் டிஸ்கில் தத்தம் பார்ட்டிஷனுக்குள் (பகுதிக்குள்) இருக்கும்வரை வம்பில்லை. ஆனால் இஎஃப்ஐ பார்ட்டிஷன் (சிஸ்டத்தை எழுப்பும் ஃபைல்கள் இருக்கும் பகுதி), மதர்போர்டு கடிகாரம், டிபிஎம் சிப் (என்கிரிப்ஷன் கீயைக் காக்கும் சிப்), புளூடூத், டேட்டா டிரைவ் ஆகிய ஐந்தும் இரண்டுக்கும் பொது. ஒண்டுக்குடித்தனத்தில் சண்டை குழாயடியில்தானே வரும்! இங்கேயும் தகராறு எல்லாம் இந்த ஐந்தைச் சுற்றித்தான்.

முதலில் டுயல் பூட், அதாவது ஒரே கணினியில் இரண்டு சிஸ்டம், தேவையா என்று பாருங்கள். டாலிக்காக மட்டும் விண்டோஸ் வேண்டும், 16 ஜிபி ரேம் இருக்கிறது என்றால் லினக்ஸுக்குள் ஒரு விர்ச்சுவல் மெஷினே (கணினிக்குள் ஓடும் மென்பொருள் கணினி) போதும். கோரல்டிரா, பிரீமியர் போல கிராபிக்ஸ் கார்டைப் பிழியும் வேலை, அல்லது வேலரண்ட் மாதிரி லினக்ஸில் ஓடவே ஓடாத கேம் இருந்தால்தான் இந்தப் பாடு நியாயம். இன்னொன்று: விண்டோஸ் 11-இல் வேலரண்டுக்கு செக்யூர் பூட் (கையொப்பம் சரிபார்த்த பூட்லோடரை மட்டும் ஓடவிடும் பாதுகாப்பு) ஆன் ஆகியிருக்க வேண்டும். எனவே "செக்யூர் பூட்டை ஆஃப் செய்துவிட்டு லினக்ஸ் போடு" என்ற பழைய யோசனை அவர்களுக்கு உதவாது. மின்ட், உபுண்டு, ஃபெடோரா மூன்றுமே செக்யூர் பூட் ஆனிலேயே பூட் ஆகும். அதை அணைக்க வேண்டிய அவசியம் இல்லை.

பென்டிரைவைச் செருகுவதற்கு முன்பே பாதி வேலை விண்டோஸில் இருக்கிறது. 2024-இல் வந்த 24ஹெச்2 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்குடன் புதிதாக அமைக்கும் பெரும்பாலான கணினிகளில், ஹோம் எடிஷனாக இருந்தாலும், டிஸ்க் என்கிரிப்ஷன் (டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர்) தானாகவே ஆன் ஆகிவிடுகிறது. பலருக்கு அது இருப்பதே தெரியாது. பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்கில்) எதையாவது மாற்றிய பிறகு நீலத்திரையில் 48 இலக்க ரிகவரி கீ கேட்கும்போதுதான் தெரியவரும். எதையும் தொடுவதற்கு முன் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய் அந்தக் கீயைக் காகிதத்தில் எழுதிவையுங்கள். அதே லேப்டாப்பில் சேமித்துவைத்துப் பயனில்லை.

அடுத்தது இடம் ஒதுக்குவது. 512 ஜிபி எஸ்எஸ்டி விண்டோஸில் 476 ஜிபி-யாகத்தான் தெரியும். அதில் லினக்ஸுக்கு 100 ஜிபி கொடுங்கள். டிஸ்க் மேனேஜ்மென்டில் சி டிரைவை ஷ்ரிங்க் செய்யும்போது எம்பி கணக்கில் 102400 என்று போட வேண்டும். சி டிரைவில் 200 ஜிபி காலியாக இருந்தும் "12 ஜிபி-தான் சுருக்க முடியும்" என்கிற மாதிரி அடம்பிடிப்பது வழக்கம். நகர்த்த முடியாத ஃபைல்கள் டிரைவின் கடைசிப் பகுதியில் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். பேஜ் ஃபைல், ஹைபர்நேஷன் ஃபைல், சிஸ்டம் ரெஸ்டோர் மூன்றையும் ஆஃப் செய்து ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் வழி விடும். சுருக்கிய பின் பேஜ் ஃபைலையும் ரெஸ்டோரையும் திரும்ப ஆன் செய்துகொள்ளலாம். ஹைபர்நேஷனை மட்டும் ஆஃபிலேயே விட்டுவிடுங்கள். அதை அணைத்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் சேர்ந்தே அணைந்துவிடும். நமக்கு வேண்டியதும் அதுதான்: ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆனில் இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, அரைத்தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து டிரைவைத் திறந்தால் படிக்க மட்டும் விடும், அல்லது திறக்கவே மறுக்கும். கட்டாயப்படுத்தி எழுதினால் ஃபைல்கள் கெட்டுப்போகும்.

11-ஆம் தலைமுறையிலிருந்து வரும் இன்டெல் லேப்டாப்களில் சிலவற்றில் இன்ஸ்டாலருக்கு எஸ்எஸ்டி கண்ணிலேயே படாது. பயாஸில் விஎம்டி அல்லது ஆர்எஸ்டி (எஸ்எஸ்டி-யை நிர்வகிக்கும் இன்டெல் வசதிகள்) ஆனில் இருப்பதே காரணம். அதைச் சட்டென்று ஆஃப் செய்தால் விண்டோஸ் "இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்" என்று நின்றுவிடும். அதைத் தவிர்க்க, விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக்கில் சேஃப் பூட்டை டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். நேராக பயாஸுக்குள் போய் விஎம்டியை அணையுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் ஒருமுறை எழுந்ததும் டிக்கை எடுத்துவிடுங்கள். சேஃப் மோடில் பின் நம்பர் செல்லாமல் கணக்கின் பாஸ்வேர்டையே கேட்கலாம், கைவசம் இருக்கட்டும்.

இன்ஸ்டால் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 8 ஜிபி பென்டிரைவும், அதில் மின்ட்டை ஏற்ற ரூஃபஸ் அல்லது வென்டாய் மென்பொருளும் போதும். பூட் மெனு ஹெச்பி-யில் எஃப்9, டெல்லிலும் லெனோவோவிலும் எஃப்12. காலி இடத்தில் ஒரே ஒரு எக்ஸ்ட்4 (லினக்ஸின் ஃபைல் அமைப்பு) பார்ட்டிஷன் போடுங்கள். ஸ்வாப்புக்குத் (ரேம் நிரம்பினால் பயன்படும் இடம்) தனி பார்ட்டிஷன் வேண்டாம், ஃபைலாகவே அமையும். ஏற்கனவே இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனை ஃபார்மட் மட்டும் செய்துவிடாதீர்கள், விண்டோஸின் பூட்லோடரும் அதில்தான் இருக்கிறது. விண்டோஸ் போட்டுவைக்கும் 100 எம்பி மின்ட்டுக்குப் போதும். பாப் ஓஎஸ் என்ற இன்னொரு லினக்ஸ் தன் கர்னலையே (சிஸ்டத்தின் மையப்பகுதியை) அதற்குள் வைப்பதால் அதற்குப் பற்றாது. இன்ஸ்டாலரில் கோடெக் (ஆடியோ, வீடியோ ஓட்டத் தேவையானவை) டிக் செய்தால் செக்யூர் பூட்டுக்காக ஒரு பாஸ்வேர்டு கேட்கும். ரீபூட்டில் வரும் நீலத்திரையில் "என்ரோல் மோக்" தேர்ந்தெடுத்து அதையே கொடுக்க வேண்டும். சில நொடிகள்தான் காத்திருக்கும். தவறவிட்டால் பின்னால் என்விடியா டிரைவர் போட்டும் வேலை செய்யாது. வைஃபை கிடைக்காவிட்டால் செல்போனை யுஎஸ்பி-யில் செருகி டெதரிங் கொடுங்கள், டிரைவரை இறக்கிக்கொள்ளலாம்.

இனி சேர்ந்து வாழும் கதை.

முதல் நாளே பலருக்குக் கண்ணில் படுவது கடிகாரம். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் மணி ஐந்தரை மணி நேரம் பின்தங்கி நிற்கும். மதர்போர்டு கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாக வைக்கும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கும். டெர்மினலில் "டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1" என்ற ஒரே கட்டளையில் தீரும்.

புளூடூத் தொல்லைதான் எரிச்சலில் முதலிடம். ஹெட்போன் பார்வையில் இரண்டு சிஸ்டமும் ஒரே முகவரி, ஆனால் ஒவ்வொரு பேரிங்கிலும் புதுக் கீ. மின்ட்டில் இணைத்தால் விண்டோஸில் அறுந்துபோகும். மின்ட்டில் முதலில் இணைத்து, பிறகு விண்டோஸில் இணைத்து, விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் இருக்கும் கீயை லினக்ஸின் புளூடூத் ஃபைலில் எழுதினால் இரண்டிலும் ஓடும். புதிய புளூடூத் எல்இ மவுஸ்களில் ஒரு கீ இல்லை, பல உண்டு. அவ்வளவு மெனக்கெட வேண்டாம். இரண்டு, மூன்று சேனல் உள்ள மவுஸ் என்றால் ஒரு சேனலை விண்டோஸுக்கும் இன்னொன்றை மின்ட்டுக்கும் ஒதுக்கிவிடலாம். டாங்கிள் மவுஸுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது.

"விண்டோஸ் அப்டேட் வந்தால் லினக்ஸ் போய்விடும்" என்ற பயம் எம்பிஆர் என்ற பழைய பூட் முறையின் காலத்தது. இப்போது பெரும்பாலும் பூட் வரிசைதான் மாறும், பயாஸில் உபுண்டு என்ற பெயரை மேலே ஏற்றினால் போதும். மின்ட்டும் அந்தப் பெயரில்தான் பதிவாகியிருக்கும். நிஜமாகவே கவிழ்த்தது 2024 ஆகஸ்ட் அப்டேட்தான். பழைய கிரப்களை (கிரப் என்பது லினக்ஸின் பூட்லோடர்) தடுக்கும் எஸ்பாட் பட்டியலை டுயல் பூட் கணினிகளிலும் அது ஏற்றியதால் பலருக்கு "செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்" என்று லினக்ஸ் நின்றது. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய், மோக்யூட்டில் என்ற கட்டளை வழியாக எஸ்பாட் பாலிசியை அழித்து, மீண்டும் ஆன் செய்ய வேண்டியிருந்தது. லினக்ஸ் பக்கம் அப்டேட் செய்யாமல் மாதக்கணக்கில் போட்டுவைப்பவர்கள் இதைக் கவனத்தில் கொள்ளவும்.

பிட்லாக்கர் ஆனில் இருந்தால் கிரப் மெனு வழியாக விண்டோஸுக்குள் போகாதீர்கள். டிபிஎம் சிப் பூட் ஆன வழியையும் அளந்து பார்க்கும். நடுவில் கிரப் வந்தால் ரிகவரி கீ கேட்க வாய்ப்பு அதிகம். பூட் மெனு கீயை அழுத்தி விண்டோஸ் பூட் மேனேஜரை நேரடியாகத் தேர்வதே நல்லது.

பொது டேட்டா டிரைவுக்கு விண்டோஸின் ஃபைல் அமைப்பான என்டிஎஃப்எஸ் போதும். ஸ்டீம் கேம்களை மட்டும் அதில் வைத்து இரண்டு பக்கமும் ஓட்டப் பார்க்காதீர்கள். தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு விசித்திரம் காத்திருக்கிறது. என்டிஎஃப்எஸ் 255 எழுத்துக்குறிகள் வரை ஏற்கும். எக்ஸ்ட்4-இன் வரம்போ 255 பைட். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பதால் 85-ஐத் தாண்டினால் காப்பி ஆகாது. "தி" என்பதே இரண்டு குறி. நீளமான கட்டுரைத் தலைப்பை அப்படியே பெயராக வைத்த பிடிஎஃப்கள் "ஃபைல் நேம் டூ லாங்" என்று திரும்பி வருவது இதனால்தான். நிர்மலா, லதா எழுத்துருவில் செய்த ஆவணம் லிப்ரே ஆபீஸில் பக்கம் மாறித் தெரிவதற்கு, இரண்டு பக்கமும் நோட்டோ சான்ஸ் தமிழ் போட்டு அதிலேயே தட்டச்சுவதுதான் வழி. தமிழ் 99 இரண்டிலும் கிடைக்கிறது.

100 ஜிபி எதற்கு என்று தோன்றலாம். டைம்ஷிஃப்ட் ஸ்னாப்ஷாட் (சிஸ்டத்தின் பழைய நிலையைச் சேமிக்கும் நகல்), ஃபிளாட்பாக் (செயலிகளை நிறுவும் ஒரு முறை) இரண்டும் சேர்ந்தால் 40 ஜிபி சில மாதங்களில் நிரம்பும்; அப்புறம் அப்டேட்டும் நின்றுபோகும். ஸ்னாப்ஷாட் எண்ணிக்கையை இரண்டு, மூன்றோடு நிறுத்துங்கள்.

லேப்டாப்பில் இரண்டாவது எம்.2 ஸ்லாட் இருந்தால் மறுபேச்சின்றித் தனி எஸ்எஸ்டி போடலாம். ஒரு எச்சரிக்கை: மின்ட் 22 இன்ஸ்டாலர், இரண்டாவது டிஸ்கைச் சொன்னாலும் பூட்லோடரை முதல் டிஸ்கின் இஎஃப்ஐ-யிலேயே போய் எழுதும் பழக்கமுடையது. இன்ஸ்டால் முடியும்வரை விண்டோஸ் எஸ்எஸ்டி-யைக் கழற்றிவைப்பதே எளிது.

லினக்ஸ் வேண்டாம் என்று முடிவெடுத்தால், எடுத்த எடுப்பில் அதன் பார்ட்டிஷனை அழிக்காதீர்கள். கிரப்பின் கான்ஃபிக் அதற்குள் இருப்பதால் அடுத்த பூட்டில் கறுப்புத் திரையில் கிரப் ப்ராம்ப்ட் மட்டும் நிற்கும். முதலில் பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே ஏற்றி, அது நேராகப் பூட் ஆகிறதா என்று பார்த்த பிறகு பார்ட்டிஷனையும், இஎஃப்ஐ-க்குள் இருக்கும் உபுண்டு ஃபோல்டரையும் நீக்குங்கள். சில பயாஸ்களில் அதன் பிறகும் மெனுவில் பெயர் தொங்கிக்கொண்டிருக்கும். அதனால் பாதகமில்லை.