பேஸ்புக்கா, யூடியூப்பா, வட்ஸ்அப்பா? ஒரு சின்னச் சபையின் கணக்கு

மட்டக்களப்புப் பக்கம் இப்போது பல சபைகளில் பிரசங்க பீடத்துக்கு எதிரே ஒரு போன் ஸ்டாண்ட் நிற்கிறது. எங்கள் சபையிலும்தான். லைவ் போடட்டும், ஆனால் யாருக்குப் போடுகிறோம் என்பதில்தான் எனக்கும் கமிட்டிக்கும் இழுபறி.

பேஸ்புக் லைவ் தொடங்குவது சுகம், கல்முனைச் சொந்தமும் லண்டன் சொந்தமும் ஒரே நேரத்தில் கீழே ‘ஆமென்’ போடுவார்கள். ஆனால் 2025 பெப்ரவரியிலிருந்து புது லைவ் வீடியோக்கள் 30 நாள்தான் அங்கே இருக்கும். இறக்கி வைக்காவிட்டால் ஞானஸ்நான ஆராதனையும் அதோடு போச்சு. யூடியூப்பில் அந்தத் தொல்லை இல்லை, போனிலிருந்து லைவ் போக 50 சந்தாதாரர் வேண்டும், அவ்வளவுதான். நம்முடைய காலை 8 மணி கோடையில் சூரிச்சுக்கு விடியப்புறம் 4.30, டொரொண்டோவுக்கு முந்தின இரவு 10.30. எழும்பியிருந்து யார் பார்ப்பது? பிறகுதான் பார்ப்பார்கள், ஆகவே வெளிநாட்டுச் சனத்துக்கு யூடியூப்.

ஊரில் இருப்பவர்களுக்கு இரண்டுமே சரிவராது. ஒரு மணித்தியால வீடியோ போட்ட ரீலோட்டைத் தின்றுவிடும். முழங்கால் வருத்தத்தோடு வீட்டிலிருக்கிற எங்கள் அம்மம்மாவுக்கு லைவ் போட்டுக் கொடுத்தால், திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியதுமே போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். போதகர் ஐயா வட்ஸ்அப்பில் அனுப்பும் 3 நிமிடக் குரல் பதிவை மட்டும் காதோடு ஒட்டி வைத்து இரண்டு தரம் கேட்டு, முடிந்ததும் “சரி ஐயா” என்று போனுக்கே பதில் சொல்வார்.

வட்ஸ்அப்பிலும் குழுவா சேனலா என்று ஒரு கேள்வி இருக்கிறது. சேனலில் யாருடைய நம்பரும் மற்றவருக்குத் தெரியாது, நல்லதுதான். ஆனால் “பிள்ளைக்குக் காய்ச்சல், ஜெபியுங்கோ” என்று அதில் யாரும் எழுத முடியாது. குழுவில் 1024 பேர் வரை சேர்க்கலாம், எழுதலாம், அப்புறம் ரோஜாப்பூ காலை வணக்கங்களுக்கு அடியில் கூட்ட அறிவித்தல் புதைந்தும் போகலாம். நான் குழுவின் பக்கம்: பகலில் அட்மின் மட்டும், இரவு ஜெப நேரத்துக்கு எல்லாருக்கும் திறந்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் மறக்கக்கூடாது. 2019 ஈஸ்டர் ஞாயிறு மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த நாளிலேயே நாடு முழுக்க பேஸ்புக், வட்ஸ்அப், யூடியூப் மூன்றையும் முடக்கிவிட்டார்கள், எங்களைப் போன்றவர்களுக்கு மிஞ்சியது சாதாரண அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும். அதனால் எந்தச் சபைக்கும் ஒரு நம்பர் கொப்பி வேண்டும். எங்களுடையது மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. போன கிழமை எடுத்துப் பார்த்தேன், பாதி நம்பர் பழசு.