பிரித்துப் பூட்டும் விலங்கு செல் மாதிரி: சென்ட்ரியோலை முன்வைத்து ஒரு மதிப்புரை

பிரித்துப் பூட்டக்கூடிய இந்த விலங்கு செல் மாதிரியை ஓராண்டாக உயிரியல் வகுப்பில் பயன்படுத்தி வருகிறேன். உட்கருவையும் மைட்டோகாண்ட்ரியாவையும் எந்த மாதிரியும் ஓரளவு நன்றாகவே காட்டிவிடும். பெரும்பாலும் ஒரு மூலையில் இரண்டு குச்சிகளாக முடிந்துபோகும் சென்ட்ரியோல் (செல்லுக்குள் இணையாக இருக்கும் சிறு உருளை வடிவ உறுப்பு) இதில் எப்படி அமைந்திருக்கிறது என்பதை மட்டுமே இங்கு எழுதுகிறேன்.

சென்ட்ரியோல் இணை, தனியே கழற்றும்படி காந்தத்தால் பொருத்தப்பட்டுள்ளது. ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும் இரு உருளைகளில் ஒன்றை வெளிச்சத்தில் திருப்பி அதன் முனையைப் பார்த்தால், மும்மூன்றாக ஒட்டிய நுண்குழல்களின் (மிக மெல்லிய புரதக் குழாய்களின்) 9 தொகுதிகள் காற்றாடியின் இதழ்களைப் போல ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பது தெரிகிறது. நான் முன்பு வைத்திருந்த மாதிரியில் இந்தச் சாய்வு இல்லை. போதாக்குறைக்கு, செல்லை நீந்தவைக்கும் வால் போன்ற கசையிழையின் நடுவில் இருக்கவேண்டிய இரண்டு குழல்களையும் சென்ட்ரியோலுக்குள் செருகியிருந்தார்கள். அளவு மட்டும் மிகைதான். 20 மைக்ரோமீட்டர் செல்லை 40 செ.மீ. ஆக்கினால், சென்ட்ரியோல் ஏறத்தாழ 1 செ.மீ. நீளமே இருக்கவேண்டும், இங்கே அது கட்டைவிரல் அளவு. எண்ணிப் பார்க்க வசதியாக இருப்பதால் அதைக் குறையாகக் கொள்ளவில்லை.

என் மனக்குறை கையேட்டின் மீதுதான். 'கதிர்கோல் இழைகளை உருவாக்கும் உறுப்பு' என்ற ஒரே வரியோடு அது நிறுத்திக்கொள்கிறது. கதிர்கோல் என்பது செல் பிரியும்போது குரோமோசோம்களைப் பிரித்து இழுக்கும் அமைப்பு; அதன் இழைகளும் நுண்குழல்களே. விலங்கு செல்களில் அந்த நுண்குழல்களில் பல முளைப்பது சென்ட்ரியோலைச் சூழ்ந்த புரதத் திரளிலிருந்து; அத்திரளை ஓரிடத்தில் சேர்த்துவைப்பதே சென்ட்ரியோலின் பங்கு. உயர் தாவரங்கள் சென்ட்ரியோல் இல்லாமலேயே கதிர்கோலை அமைத்துக்கொள்கின்றன. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், சென்ட்ரியோலைப் புதிதாக உருவாக்க இயலாத பழ ஈக்கள், தாயிடமிருந்து வந்த இருப்பு தீர்ந்த பின்னும் முதிர்ந்த ஈக்களாக வளர்ந்தன. ஆனால் உணர்வு நரம்புகளில் குறு இழைகள் (செல்லிலிருந்து நீளும் மயிர் போன்ற இழைகள்) அமையாததால் விரைவில் மடிந்தன. நம் மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளும் குறு இழை ஒவ்வொன்றின் அடியிலும் இதே உருளைதான் அடித்தளமாக நிற்கிறது. கையேட்டில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

இந்த விடுபடல் மாதிரியிலும் தெரிகிறது. இணையில் மூத்த சென்ட்ரியோலின் ஒரு முனையில் நீட்சிகள் இருக்கும். செல் சவ்வில் ஒட்டிக் குறு இழைக்கு அடியாவதற்கு அவை வேண்டும். இங்கே இரு உருளைகளும் ஒரே அச்சில் வார்த்தவை. மூத்தது எது, இளையது எது என்று மாணவர் கேட்டால் காட்டுவதற்கு வழியில்லை.

காந்தம் சற்று வலுக்குறைவு என்பதால் மாதிரியைக் கவிழ்த்தால் இணை கழன்று விழுகிறது. இவ்வளவுக்குப் பிறகும் சென்ட்ரியோலின் வடிவத்தைக் கற்பிக்க இதையே பரிந்துரைப்பேன். வாங்குபவர் ஒரு உருளையின் முனையில் களிமண்ணால் 9 நீட்சிகளை ஒட்டிக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்திருக்கிறேன்.